அசிட்டிலீன் தப்பு, ஈத்தைன் சரி

கள்ளக்குறிச்சியில் ரவூப் பாய் எங்கே என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. வெடிகுண்டு பாய் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாழைக்காய் மண்டி வாசலில் விட்டுவிடும். கூடவே ஒரு சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதர் வாழ்நாளில் ஓர் ஊசிப்பட்டாசுகூடக் கொளுத்தியதில்லை.

என் பெயர் பிச்சைமுத்து. வக்கீல் ராஜாங்கத்திடம் குமாஸ்தாவாக இருந்து தேய்ந்தவன். கோர்ட் வராந்தாவில் நின்று நின்று எனக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ரவூப் பாய் விஷயத்தில் நடந்ததை யாராவது ஒருவர் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஊரில் சொல்லப்படும் கதை முழுக்கத் தப்பு.

அவர் குடும்பம் கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருந்த குடும்பம். அண்ணன் ஜான் பாஷா கல்லாவில் உட்கார்ந்தால் வெற்றிலை போட்ட வாயைத் திறக்காமலேயே வியாபாரத்தை முடித்துவிடுவார். தம்பிக்கு அது வரவில்லை. விரித்த புடவையை மடிக்கச் சொன்னால் சுருட்டி வைப்பான் என்று ஜான் பாஷாவே சொல்லியிருக்கிறார். ஒருநாள் கோபித்துக்கொண்டு சேலம் போனவர் அங்கே ஒரு பட்டறையில் கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். சங்கராபுரம் போகிற ரோட்டோரம், ஒரு பெரிய புளியமரத்துக்கு எதிரே, கீற்றுக் கொட்டகை போட்டார். நூர் பீவியைக் கல்யாணம் செய்துகொண்டதும் அந்தக் கொட்டகையை நம்பித்தான்.

"வெள்ளை வேட்டி கட்டி வியாபாரம் பண்ற குடும்பத்துல பொறந்துட்டு மூஞ்சில கரியப் பூசிக்கினு நிக்கிறான்" என்று அண்ணன் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிப்பர்கள் எல்லாம் பருவம் தொடங்குமுன் அவரிடம்தான் வந்து நிற்கும். ஒருமுறை கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகே அச்சு முறிந்து நின்ற லாரிக்காக, கேஸ் டேங்க்கை இன்னொரு லாரியில் ஏற்றிக்கொண்டு மலை ஏறிப் போய் ஒட்ட வைத்துவிட்டு வந்தார். மலைக்காரர்கள் தூக்கணாங்குருவிகள் போல மரங்களுக்கு நடுவே கூடி நின்று அந்த நீல நெருப்பைப் பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்த நெருப்புதான்.

அந்த நெருப்புக்கு மூலப்பொருள் கல். கார்பைடு என்பது அதன் பெயர், பட்டறையில் எல்லாரும் கல் என்றே சொல்லுவார்கள். சாம்பல் நிறத்தில் கருங்கல் ஜல்லி மாதிரி தகர டிரம்மில் வரும். கேஸ் டேங்க்குக்குள் தண்ணீரில் அது விழுந்தால் பூண்டு நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பும். அதுதான் அசிட்டிலீன். ஆக்ஸிஜனோடு சேர்த்துக் கொளுத்தினால் இரும்பு உருகும். மிச்சமாகத் தங்குவது வெள்ளைச் சுண்ணாம்புக் குழம்பு. பொங்கலுக்கு முன்னால் கருணாபுரத்துப் பெண்கள் சட்டியும் பக்கெட்டுமாக வந்து வரிசையில் நிற்பார்கள். கூலி வேலை செய்கிற ஜனங்கள், சுவருக்கு அடிக்க அந்தக் குழம்பு போதும். ரவூப் பாய் சும்மாவே அள்ளி ஊற்றுவார். பூண்டு நாற்றம் அடித்தால் அது கருணாபுரத்துப் பொங்கல் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கொட்டகைக்கு யார் வந்தாலும், சலாம் சொல்லுவதற்கு முன்பே, "தள்ளி நில்லுங்க, கல்லுல தண்ணி படப் போவுது. பட்டா வெடிச்சிடும்" என்பார். டிரம்மைச் செங்கல் மேல் தூக்கி வைத்து மேலே தார்ப்பாய் போட்டிருப்பார். பீடியோடு வந்தவரை ரோட்டைத் தாண்டி நிறுத்துவார். சேலத்துப் பட்டறையில் ஒருவன் முகம் வெந்துபோனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மகள் நௌஷீன் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தில் கொட்டகைக்குச் சோறு கொண்டு வருவாள். அந்தப் பிள்ளையிடமும் முதலில் அதே வாக்கியம்தான். அவளும் தூக்குவாளியை நீட்டியபடி, "தண்ணி படல, அத்தா" என்பாள்.

இந்த வாக்கியம்தான் அவரைக் கவிழ்த்தது.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்தது. அதைப் பற்றி இன்றைக்கு ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நான் அந்த ஜனங்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பிள்ளைகள் படித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வடக்கே போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் வீட்டு ஒப்பாரி எங்கள் பக்கம் வரை கேட்டது. அந்த வாரம் ரோடெல்லாம் மரங்கள் குறுக்கே கிடந்தன. ரவூப் பாய் கொட்டகைக்கு எதிரே இருந்த புளியமரமும் விழுந்தது. யார் வெட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. மறியல் தொடங்கியதும் கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்தார்.

மரம் விழுந்தால் போலீஸ் எங்கிருந்து தேட ஆரம்பிக்கும்? மரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கதவிலிருந்துதான். ஓர் இன்ஸ்பெக்டர், வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர், தூக்கமில்லாமல் கண் சிவந்து வந்து நின்றார். பூட்டை உடைத்தார்கள். வீட்டிலிருந்து ரவூப் பாயை அழைத்து வந்தார்கள். உள்ளே கல் நிறைந்த டிரம். வெளியே தூறிக்கொண்டிருந்தது, ஒரு போலீஸ்காரர் தார்ப்பாயை இழுத்தார். ரவூப் பாய் பதறிப் போனார்.

"ஐயா, வேணாங்க. தண்ணி படப் போவுது. பட்டா வெடிச்சிடும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

ரவூப் பாய் இன்னொரு தடவை சொன்னார். பொறுமையாக, விளக்கமாக, எவ்வளவு கல்லுக்கு எவ்வளவு தண்ணீர் பட்டால் கொட்டகையே பறக்கும் என்றுகூடச் சொன்னார். போலீஸ்காரர்கள் மேல் அக்கறையோடுதான் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். எதிரியே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரே, முன்வந்து கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மறியல்காரர்களுக்கு வெடிகுண்டு செய்ய வெடிபொருள் பதுக்கியதாக வழக்கு. மறியல்காரர்களில் ஒருவர்கூட அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

டிரம்மைக் கொண்டு போய் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் வைத்தார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, மூடியைச் சரியாக மூடாமல் விட்டார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் ஒழுக்கு. ஓர் ஏட்டு பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, குப்பென்று ஒரு நெருப்பு எழுந்து அவர் புருவத்தையும் மீசையையும் கொண்டு போனது. அதையும் ரவூப் பாய் கணக்கில்தான் எழுதினார்கள். அவர் அப்போது ஜெயிலில் இருந்தார்.

ஜாமீன் கிடைத்து அவர் வெளியே வந்தபோது பொங்கல் முடிந்திருந்தது. கருணாபுரத்துச் சுவர்கள் அந்த வருஷம் வெள்ளை காணவில்லை. வந்த அன்றே எங்கள் வக்கீல் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"எனக்கு ஜெயிலு ஜாஸ்தியா கம்மியா அதெல்லாம் இல்லீங்க வக்கீலய்யா" என்றார். "கொட்டாய தொறக்கணும். எனக்கு வேற தொழில் தெரியாது. அந்த லைசென்ஸ் போச்சுன்னா நான் போனேன்."

லைசென்ஸ் அவரிடம் இருந்தது. முறையாக, முத்திரையோடு இருந்தது. கேஸ் வெல்டிங் வேலைக்கு அசிட்டிலீன் தயாரிக்கக் கல் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. வக்கீல் ராஜாங்கம் அதைப் பார்த்துவிட்டு, இது ஒரு வழக்கே இல்லை, இரண்டு வாய்தாவில் முடிந்துவிடும் என்றார். நானும் நம்பினேன்.

பிறகு மெட்ராஸிலிருந்து சோதனைச்சாலை அறிக்கை வந்தது. அதில் அசிட்டிலீன் என்ற பேச்சே இல்லை. இந்தப் பொருள் தண்ணீரோடு சேர்ந்தால் ஈத்தைன் என்னும் முப்பிணைப்பு உள்ள ஹைட்ரோகார்பன் வாயு வெளிவரும், காற்றோடு கலந்தால் அது வெடிக்கும் என்று இருந்தது. அரசு வக்கீல் அறிக்கையையும் லைசென்ஸையும் அருகருகே வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் காட்டினார். அனுமதி வாங்கியது அசிட்டிலீனுக்கு, வைத்திருந்தது ஈத்தைன் தருகிற பொருள் என்றார். அந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்தே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெரிந்தேதான் சொல்லியிருப்பார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா" என்றார் எங்கள் வக்கீல்.

"நீங்க சொன்னா ஆச்சா? கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிக்கினு வாங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

கெமிஸ்ட்ரி தெரிந்தவர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான், தங்கதுரை சார். வடக்கனந்தலில் நிலபுலன் உள்ள குடும்பம், மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியர். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் அரைமார்க்கு. ரசாயனப் பெயரைச் சரியாக எழுதவில்லை என்றால் அரை மார்க் வெட்டுவார். சொந்த அக்கா மகனுக்கே வெட்டி, அக்கா ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள். நேர்மையான ஆள். கேட்டதும் வருகிறேன் என்றார். போக வரச் செலவுகூட வேண்டாம் என்றார். ரவூப் பாய் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கெட்டவன் ஒருத்தன் வந்து இதைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

சாட்சி சொல்ல வந்த அன்று இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. கூண்டில் ஏறியதும் எங்கள் வக்கீல் கேட்டார், "ஈத்தைன்னா என்னங்க சார்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேள்வி வந்ததும் அவர் முகம் வகுப்பறை முகமாக மாறிவிட்டது. சாக்பீஸ் கேட்டார். இல்லை என்றதும் காற்றிலேயே விரலால் வரைந்தார். இரண்டு கார்பன், நடுவில் மூன்று கோடு. இப்படி மூன்று கோடு போட்டால் அது முப்பிணைப்பு, அந்தக் குடும்பத்துக்கு அல்கைன் என்று பெயர். இரண்டு கார்பன் என்றால் ஈத், முப்பிணைப்பு என்றால் கடைசியில் ஐன், ஆகவே ஈத்தைன். மூன்று கார்பன் வந்தால் புரோப்பைன். நான்கு வந்தால் பியூட்டைன், ஆனால் அங்கே ஓர் எண்ணும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முப்பிணைப்பு எந்த முனைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த முனையிலிருந்து எண்ண வேண்டும். முதல் கார்பனில் தொடங்கினால் 1-பியூட்டைன், இரண்டாவதில் தொடங்கினால் 2-பியூட்டைன். பையன்கள் மறுமுனையிலிருந்து எண்ணிவிட்டு 3-பியூட்டைன் என்று எழுதுகிறார்கள், அது தப்பு என்று மாஜிஸ்திரேட்டிடமே வருத்தப்பட்டார். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். ரவூப் பாயும் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். தன் கொட்டகை நெருப்புக்குள் இத்தனை கோடு இருக்கிறதா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அரசு வக்கீல் எழுந்தார். இந்த ஆளுக்குப் பிடி கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"சார், உங்க பரீட்சையில ஈத்தைனுக்கு அசிட்டிலீன்னு ஒரு பையன் எழுதினா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"அரை மார்க்கு கொறைப்பேன்."

"ஏன்?"

"பெயரிடும் முறைப்படி அது சரியான பேரு இல்லீங்க. பழைய காலத்துப் பேரு. வாயில வந்தபடி வெச்ச பேரு."

"அப்ப அசிட்டிலீன்ங்கறது தப்பு."

"தப்புதான்."

"ஈத்தைன் சரி."

"ஈத்தைன்தான் சரி."

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். "சார், ரெண்டும் ஒரே கேஸுதானே? ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"ஒரே வாயுதாங்க" என்றார் தங்கதுரை சார். அங்கேயாவது வாயை மூடியிருக்கக் கூடாதா? "ஆனா அதை அசிட்டிலீன்னு சொல்லக் கூடாது. லைசென்ஸ்ல எழுதினவங்க முறையா எழுதியிருக்கணும்."

கோர்ட்டில் சிரிப்பு. அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார், அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எதிரித் தரப்பு கூட்டி வந்த சாட்சியே லைசென்ஸ் முறையாக எழுதப்படவில்லை என்று சொல்லிவிட்டார். தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்று எதிரியே சொன்ன வாக்குமூலம் வேறு இருக்கிறது, போலீஸிடம் சொன்னது சட்டப்படி செல்லாது என்றாலும் மாஜிஸ்திரேட் மனதில் நிற்குமே. மாஜிஸ்திரேட் அடுத்த வாய்தா சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வராந்தாவில் தங்கதுரை சார் எங்களிடம் வந்தார். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை, நல்லது செய்த திருப்தி இருந்தது.

"நான் உள்ளதத்தானே சொன்னேன்?" என்றார்.

எனக்குக் கையை ஓங்கலாம் போல இருந்தது. ரவூப் பாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், எனக்கு எவ்ளோ மார்க்கு போட்டீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் சாருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். குடையை எடுத்துக்கொண்டு மழை இல்லாத வெயிலில் இறங்கி நடந்தார். அதற்குப் பிறகும் பரீட்சையில் அரை மார்க் வெட்டுவதை நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வாய்தாக்கள் ஓடின. ஆட்சி மாறியது. மறியல் வழக்குகளை வாபஸ் வாங்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் கோர்ட்டிலும் கட்டுக் கட்டாகக் கோப்புகளை எடுத்து வைத்தார்கள். பஸ் எரித்தது, பாலம் உடைத்தது, மரம் வெட்டியது எல்லாம் அதில் இருந்தன. ரவூப் பாய் கோப்பு மட்டும் அலமாரியிலேயே இருந்தது. அவர் மறியல் செய்யவில்லையே. அவருடையது தனி வெடிபொருள் வழக்கு, அது போராட்ட வழக்கில் சேராதாம். இதைவிட அநியாயம் எங்காவது உண்டா? செய்தவனுக்கு விடுதலை, செய்யாதவனுக்கு வாய்தா.

அப்போது செல்லமுத்து வந்தார். வடக்கனந்தல் பக்கத்துக் கரும்பு விவசாயி, மறியல் நடத்திய சங்கத்தில் முக்கியமான ஆள், தானும் ஜெயிலுக்குப் போய் வந்தவர். அவர் டிப்பரை எத்தனையோ முறை ரவூப் பாய்தான் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். எங்கள் வக்கீல் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

"பாய், எங்க பேருங்களோட உங்க பேரையும் சேத்துடறோம்" என்றார். "நீங்களும் எங்ககூட மறியலுக்கு வந்தீங்க, கல்லு அதுக்குத்தான் வெச்சிருந்தீங்கன்னு ஒரு வாக்குமூலம். ஒரு கையெழுத்து. எங்களுக்கு ஆவறது உங்களுக்கும் ஆவும்."

"நான் வரலியே, செல்லமுத்தண்ணே."

"தெரியும் பாய். எனக்குத் தெரியாதா? எங்களால நீங்க மாட்டிக்கினீங்க. எனக்கு மனசு கேக்கல. அதான் வந்தேன்."

அந்த மனிதர் மனதாரத்தான் சொன்னார். அதனாலேயே மறுப்பது கஷ்டமாக இருந்தது. ஜான் பாஷாவும் இரண்டு பெரியவர்களும் வந்து, கையெழுத்துப் போடாதே என்றார்கள். குண்டு செய்தவன் என்று நீயே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நம் தெருவையே அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் அவர்களில் ஒருவராவது ஜாமீனுக்கு வந்து நின்றார்களா என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். நூர் பீவி கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒரே வார்த்தை சொன்னார்.

"போட்டுட்டு வூட்டுக்கு வாங்க."

ரவூப் பாய் வக்கீலைப் பார்த்தார். "தீர்ப்பு இன்னா வருங்க?"

"உள்ள போவணும்னு நெனைக்கிறேன் பாய்" என்றார் வக்கீல்.

"கையெழுத்துப் போட்டா கொட்டாய தொறக்கலாமா?"

வக்கீல் ராஜாங்கம் அன்றைக்குத் தலையை ஆட்டினார். தொறக்கலாம் என்றுதான் அவரும் நினைத்தார். ரவூப் பாய் கையெழுத்துப் போட்டார். 

வழக்கு போனது. அவர் மறுநாளே லைசென்ஸைப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டார். ஆபீஸில் அந்த வாக்குமூலத்தின் நகலை எடுத்துக் காட்டினார்கள். வெடிகுண்டுக்காகக் கல் வைத்திருந்தேன் என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறதே பாய், உங்களுக்கு எப்படிக் கல் கொடுப்பது என்று கேட்டார்கள். கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் கூட நின்றேன்.

கொட்டகை பிரிந்தது. கேஸ் டேங்க்கைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போனான். சங்கத்துக்காரர்கள் கேட்டது முழுசாக இல்லாவிட்டாலும் ஏதோ கிடைத்தது, அவர்கள் பிள்ளைகள் சிலர் வேலைக்குப் போனார்கள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். ரவூப் பாய்க்குக் கிடைத்தது ஒரு பெயர். டீக்கடையில் யாரோ வேடிக்கையாகத் தொடங்கி வைத்தது, ஊர் முழுக்கப் பரவி, கடைசியில் அவர் மகளைப் பள்ளியில் வெடிகுண்டு பாய் பொண்ணு என்று கூப்பிடுகிற வரை வந்தது. செல்லமுத்து மட்டும் கடைசிவரை அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

பிறகு வாழைக்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்வராயன் மலையிலிருந்தும் கீழ்நாட்டுத் தோட்டங்களிலிருந்தும் வருகிற தார்களைப் பழுக்க வைக்கிற வேலை. எதை வைத்துப் பழுக்க வைக்கிறார்கள் தெரியுமா? அதே கல். காகிதத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தார்களுக்கு நடுவே செருகி, மேலே சாக்குப் போட்டு மூடுவார்கள். ஈரத்தில் அந்த வாயு கிளம்பி ஒரே ராத்திரியில் காய் மஞ்சளாகும். அது கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த இன்ஸ்பெக்டரும் அங்கே வந்து கல்லைப் பார்த்து இது என்ன என்று கேட்டதில்லை. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போவார்கள். இரும்பை உருக்க அனுமதி இல்லை, ஊர் ஜனத்தின் வயிற்றுக்குப் போக அனுமதியே வேண்டாம். நான் இதைச் சொல்லி ஆத்திரப்பட்டபோது ரவூப் பாய், "வேணாம்ணே, வுடுங்க" என்றார்.

ஒன்று கவனித்தேன். தண்ணி படப் போவுது என்கிற அந்த வாக்கியத்தை அவர் விட்டுவிட்டார். மண்டியில் கூலிக்காரர்கள் ஈரக் கையோடு பொட்டலத்தை எடுப்பார்கள், பக்கத்தில் பீடி பிடிப்பார்கள். அவர் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். உதடு அசையும், சத்தம் வராது.

நௌஷீன் வளர்ந்து பிளஸ் டூ பரீட்சை எழுதினாள். வேதியியல் பரீட்சை முடிந்த அன்று மத்தியானம் நான் பழம் வாங்க மண்டிக்குப் போயிருந்தேன். அவள் நேராகப் பள்ளியிலிருந்து அங்கே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ரவூப் பாய் சாக்கு மேல் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"எப்டிமா எழுதின?"

"நல்லாத்தான் எழுதினேன், அத்தா. ஒரு கேள்வி மட்டும் வுட்டுட்டேன்."

"தெரியலையா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினு ஏன் வுட்ட? இன்னா கேள்வி?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஈத்தைனோட பயன் ரெண்டு எழுதுன்னு கேட்டிருந்தாங்க."

பொட்டலம் கட்டிய கை நின்றது. அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். கோர்ட்டில் கேட்டது.

"வெல்டிங்னு எழுதறதுக்கு இன்னா?" என்றார்.

"எழுதினா ரைட்டு போடுவாங்க. புஸ்தகத்துலயே இருக்குது, எல்லாப் பசங்களும் எழுதியிருக்கும், எல்லாத்துக்கும் மார்க்கு போடுவாங்க." அவள் குரல் உடைந்தது. "அத எழுதற பசங்களுக்கு மார்க்கு. அத செஞ்ச உங்களுக்கு ஜெயிலு. என் கையால நான் எழுத மாட்டேன், அத்தா."

ரவூப் பாய் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"ரெண்டாவது பயன் பழம் பழுக்க வெக்கறது" என்றார். "அதயாச்சும் எழுதியிருக்கலாம்."

கேலிக்குச் சொல்லவில்லை. மகளுக்கு ஒரு மார்க் போய்விட்டதே என்ற வருத்தத்தில் சொன்னார்.

நௌஷீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூலையில் இருந்த பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டாள். குடித்துக்கொண்டே அப்பா பக்கத்தில் வந்தாள். சொம்பிலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது. கீழே கல் கொட்டிக் கிடந்தது.

ரவூப் பாய் சட்டென்று நிமிர்ந்தார். வாயைத் திறந்தவர், பேசாமல் முதலில் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே தார் இறக்கிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்த பிறகு மகளை அருகே இழுத்து, அவள் காதோடு, எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது, ரகசியமாகச் சொன்னார்.

"தள்ளி நின்னு குடிம்மா. தண்ணி படப் போவுது."